கேள்வி – பதில்: அமெரிக்கர் கை படாத சுரங்கப்பாதை

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் இரண்டு கிளைகளுக்கு இடையே ஸ்ட்ராங்ஸ்வான் என்ற மென்பொருள் கொண்டு மறையாக்கச் சுரங்கப்பாதை (இணையத்தின் வழியே, பிறர் படிக்க முடியாதபடி தரவு செல்லும் இணைப்பு) அமைத்து வருகிறேன். அதன் மூதாதையான ஃப்ரீஸ்வானின் பழைய ஆவணத்தில், அமெரிக்கக் குடிமக்களிடமிருந்து நிரல் பெற இயலாது என்று கண்டிருக்கிறது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய மென்பொருளில் இப்படியொரு தீட்டு ஏன்?
– வாசகர், ஓசூர்

பதில்: தீட்டு அன்று, சட்டத்துக்கு அஞ்சிய முன்னெச்சரிக்கை. அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டின் இறுதிவரை மறையாக்க மென்பொருள், பீரங்கிகளோடு சேர்த்துப் போர்த்தளவாடப் பட்டியலில் வைக்கப்பட்டிருந்தது. பிறகு வணிகத் துறையின் பொறுப்புக்கு மாறியதே தவிர, ஏற்றுமதி உரிமம் கேட்டு நிற்கும் தொல்லை தீரவில்லை. எளிதாக அனுமதி கிடைத்தது 40 பிட் நீளமுள்ள திறவுகோலுக்கு (மறையாக்கத்தைத் திறக்கும் இரகசிய எண்ணுக்கு) மட்டும்தான். ஏறத்தாழ 1.1 லட்சம் கோடி திறவுகோல்கள் என்றால் மலைப்பாகத் தோன்றும். ஆனால், நெட்ஸ்கேப் உலாவியின் ஏற்றுமதிப் பதிப்பு மறையாக்கிய ஒரு செய்தியை 1995-இல் பிரான்சைச் சேர்ந்த தமியென் தோலிழே, ஆய்வகக் கணினிகளின் ஓய்வு நேரத்தைப் பயன்படுத்தியே 8 நாட்களில் உடைத்துவிட்டார்.

இந்த நிலையில்தான் அமெரிக்க மென்பொருளாளரும் இணைய உரிமை ஆர்வலருமான ஜான் கில்மோர், இணையப் போக்குவரத்தில் 5 விழுக்காட்டையாவது ஒட்டுக்கேட்பிலிருந்து காக்க வேண்டும் என்று 1996-இல் ஃப்ரீஸ்வான் திட்டத்தைத் தொடங்கினார். தம் நாட்டில் எழுதப்பட்ட நிரல் எல்லை தாண்டினால் வழக்கு வரும் என்பதால், கனடாவில் ஹென்றி ஸ்பென்சர் முதலானோரைக் கொண்டு எழுதச் செய்தார். பொதுவில் கிடைக்கும் மென்பொருளைக் கனடாவிலிருந்து அனுப்ப அந்நாட்டுச் சட்டம் தடை சொல்லவில்லை. அமெரிக்கர் ஒருவர் பிழை திருத்தி நான்கு வரி அனுப்பினாலும் முழுத் தொகுப்பும் அமெரிக்கச் சரக்கு என்று ஆகிவிடக்கூடும் என்பதால் அதையும் ஏற்கவில்லை. பணம் கொடுத்த கில்மோரும் அமெரிக்கர் என்பதால், தாம் வளர்த்த மென்பொருளில் ஒரு வரிகூட எழுத முடியாமல் நின்றார்.

அன்று சுரங்கப்பாதை அமைக்க விரும்பியவர், நெதர்லாந்துச் சர்வரிலிருந்து தொகுப்பை இறக்கி, லினக்ஸ் மூலநிரலோடு ஒட்டி, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைப் புதிதாகக் கம்பைல் செய்ய வேண்டியிருந்தது. புளூட்டோ என்ற நிரல் யுடிபி 500-ஆம் போர்ட்டில் எதிர்முனையோடு பேசித் திறவுகோலை முடிவு செய்யும். கிளிப்ஸ் என்ற கெர்னல் பகுதி தரவுப் பொதிகளை மறையாக்கி அனுப்பும். 56 பிட் திறவுகோல் கொண்ட டெஸ் என்ற மறையாக்க முறையை வேண்டுமென்றே விலக்கி, அதையே மூன்று முறை செய்யும் டிரிபிள் டெஸ் முறையை மட்டுமே வைத்தார்கள். 1998-இல் டெஸ் ஒரு தனிக் கருவியால் 56 மணி நேரத்தில் உடைந்தபோது அந்தப் பிடிவாதம் நியாயமாயிற்று.

2000 ஜனவரியில் விதி தளர்ந்து, பொதுவில் வெளியிடும் மூலநிரலுக்கு அரசுக்கு ஓர் அறிவிப்பு மின்னஞ்சல் போதும் என்றானது. இருந்தும், தளர்ந்த விதி மீண்டும் இறுகலாம் என்று ஃப்ரீஸ்வான் குழு பழைய கொள்கையிலேயே நின்றது. அது மிகையான அச்சம் என்பது என் எண்ணம். உதவ முன்வந்த பலரை அது வாசலிலேயே நிறுத்தியது. 2003 டிசம்பரில் வந்த லினக்ஸ் 2.6, இணையப் பொதிகளை மறையாக்கும் ஐபிசெக் என்ற நெறிமுறையைச் சொந்தமாகவே கொண்டிருந்தது. 2004-இல் ஃப்ரீஸ்வான் நின்றது. அதன் வழியில் வந்தவையே நீங்கள் நிறுவும் ஸ்ட்ராங்ஸ்வானும், லிப்ரெஸ்வானும்.

உங்கள் ஐபிசெக்.கான்ஃப் கோப்பில் ‘லெஃப்ட்’, ‘ரைட்’ என்று இருப்பதும் அந்தக் காலத்துச் சொத்துதான். எந்தக் கிளையை ‘லெஃப்ட்’ (இடப்பக்கம்) என்று கொண்டாலும் சரி. தன் முகவரியைப் பார்த்துத் தான் எந்தப் பக்கம் என்று மென்பொருளே அறிந்துகொள்ளும் என்பதால், அந்த இணைப்புப் பகுதியை இரு முனைகளிலும் அப்படியே நகலெடுத்து வைக்கலாம்.