வாசகர் கேள்வி - பதில்: பக்கத்து மனையில் பள்ளம், பழைய சுவரில் விரிசல்

கேள்வி: பாரம்பரியப் பகுதியை ஒட்டிய தெருவில், சுண்ணாம்புக் காரையால் கட்டிய நூறு வருட வீடு எங்களுடையது. அடுத்த மனையில் இரண்டு அடுக்கு பேஸ்மென்ட்டோடு 22 மாடிக் கட்டடம் வரப்போகிறது. வீடு தாங்குமா? இப்போதே செய்ய வேண்டியது என்ன?

எல்லோரும் 22 மாடியை அண்ணாந்து பார்க்கிறார்கள். உங்கள் சுவருக்கு ஆபத்து கீழே தோண்டும் பள்ளத்தில்தான் இருக்கிறது. இரண்டு அடுக்கு பேஸ்மென்ட் என்றால் ஏழெட்டு மீட்டர் ஆழம். இளகிய மண்ணாக இருந்தால், ஆழத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு தூரம் வரை தரை இறங்கக்கூடும். பழைய வீட்டின் கடைக்கால் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை மீட்டரோடு நின்றுவிடும், கம்பியும் இருக்காது. வீடு முழுக்கச் சீராக இறங்கினால் சுவர் பிழைத்துக்கொள்ளும். பள்ளத்தை ஒட்டிய பக்கம் மட்டும் இறங்கும்போதுதான் கிழிகிறது. ஜன்னல் மூலையில் தொடங்கி, செங்கல் இணைப்புகள் வழியே படிப்படியாகச் சாய்வாக ஏறும் விரிசல் இதற்கு அடையாளம்.

முதல் மண்வாரி இயந்திரம் வருவதற்கு முன்பே வீட்டின் நிலையைப் பதிவு செய்துவிடுங்கள். ஒவ்வொரு சுவரையும், கூரையையும், தரையையும் அளவுகோல் வைத்துத் தேதியோடு படம் எடுங்கள். ஏற்கெனவே உள்ள விரிசல்களையும் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் மொத்தப் பதிவின் மேலும் சந்தேகம் விழும். கட்டுநரின் பொறியாளரும் நீங்களும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட வேண்டும். இந்தப் பதிவு இல்லாமல் பின்னால் நஷ்டஈடு கேட்டால், ‘பழைய விரிசல்தானே’ என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

விரிசலின் இரு பக்கமும் சிறு ஆணி அடித்து, இடைவெளியை வெர்னியர் காலிப்பரால் (மில்லிமீட்டரின் சிறு பங்கையும் காட்டும் அளவுகருவி) வாரம் ஒருமுறை அளங்கள். பள்ளம் தோண்டும் காலத்தில் தினமும் பாருங்கள். வெயிலில் சுவர் விரிந்து சுருங்கும், அதனால் எப்போதும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். குறுக்கே ஒட்டும் கண்ணாடித் துண்டு உடைந்தால் சுவர் நகர்ந்தது தெரியும், எவ்வளவு நகர்ந்தது என்பது தெரியாது.

பைல், அதாவது கட்டடத்தைத் தாங்க மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண், போடும் முறையையும் கேளுங்கள். சம்மட்டியால் அடித்து இறக்கும் பைல் பழைய கட்டடத்துக்கு அருகில் கூடாது. துளையிட்டுக் கான்கிரீட் ஊற்றும் பைலில் அதிர்வு மிகக் குறைவு. ஜெர்மனியின் டிஐஎன் 4150 தரநிலை, 10 ஹெர்ட்ஸுக்குக் கீழான (நொடிக்குப் பத்து முறைக்கும் குறைவாக அசையும்) குறுகிய நேர அதிர்வுக்குச் சாதாரணக் குடியிருப்பின் அஸ்திவாரத்தில் நொடிக்கு 5 மில்லிமீட்டர் அதிர்வு வேகம் வரை அனுமதிக்கிறது. பாரம்பரியக் கட்டடத்துக்கு 3 மட்டுமே. அதிர்வுமானியை உங்கள் வீட்டு அஸ்திவாரத்தில் பொருத்தச் சொல்லுங்கள். அவர்கள் மனையில் வைத்து எடுத்த அளவு உங்களுக்கு உதவாது.

கேள்வி: பள்ளத்திலிருந்து இரவு பகலாகத் தண்ணீர் இறைக்கிறார்கள். எங்கள் கிணற்றில் மட்டம் இறங்குகிறது. இது வீட்டையும் பாதிக்குமா?

பாதிக்கும். மண் துகள்களுக்கு நடுவே நிற்கும் நீரும் மேலுள்ள பாரத்தில் ஒரு பங்கைத் தாங்குகிறது. நீர் இறங்கியதும் முழுப் பாரமும் துகள்கள் மேல் விழுந்து, களிமண் மெல்ல மெல்ல அமுங்கும். இறைப்பை நிறுத்திய பிறகும் அமுங்கிய மண் பழையபடி எழும்பாது. மரப் பைல்மேல் நிற்கும் கட்டடமானால் இன்னும் மோசம்: நீருக்குள் இருக்கும்வரை கெடாத மரம், காற்றுப் பட்டதும் அழுகத் தொடங்கும். பாஸ்டன் நகரில் இதற்காகவே 1986-ல் நிலத்தடி நீர்மட்டத்தைக் கண்காணிக்க ஓர் அறக்கட்டளை ஏற்படுத்தினார்கள்.

இறைத்து வெளியேற்றும் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து அரைமணி நேரம் வையுங்கள். அடியில் மணலோ வண்டலோ தொடர்ந்து படிந்தால், உங்கள் வீட்டுக்கு அடியிலிருந்தே மண் வெளியேறிக்கொண்டிருக்கலாம். உடனே எழுத்தில் புகார் கொடுத்து இறைப்பை நிறுத்தச் சொல்லுங்கள். பள்ளத்தைச் சுற்றி, நீர் புகாத அடிமண் வரை இறங்கும் தடுப்புச் சுவரும், வெளிப்புறத்தில் மட்டம் காட்டும் குழாய்களும், மட்டம் இறங்கினால் நீரைத் திருப்பிச் செலுத்தும் கிணறுகளும் இருக்க வேண்டும்.

கேள்வி: விரிசலைச் சிமென்ட் வைத்து அடைக்கலாமா?

வேண்டாம். அசைவு நிற்கும்வரை எதை வைத்து அடைத்தாலும் பக்கத்திலேயே மறுபடி வெடிக்கும். நின்ற பிறகும் சுண்ணாம்புச் சாந்துதான் சரி. சிமென்ட் பழைய செங்கல்லைவிட இறுகியது. ஈரத்தையும் வெளியேற விடாது. உள்ளே தங்கிய உப்பு, செங்கல்லின் முகத்தையே உதிர்த்துவிடும்.

கேள்வி: கட்டடம் பாரம்பரிய எல்லைக்கு வெளியே இருப்பதால் உயரத்தை ஆட்சேபிக்க முடியாது என்கிறார்களே?

எல்லைக் கோட்டோடு விஷயம் முடிவதில்லை. பல இடங்களில் அதைச் சுற்றி, பாதுகாப்புக்காக இடைவளையப் பகுதி (பஃபர் ஜோன்) ஒன்றையும் வரையறுத்திருப்பார்கள். உங்கள் மனை அதற்குள் வருகிறதா என்று வரைபடத்தில் பாருங்கள். லிவர்பூல் துறைமுகப் பகுதியை யுனெஸ்கோ 2021-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து நீக்கியதற்கு, அந்த இடத்திலும் இடைவளையத்திலும் எழும்பிய புதிய கட்டுமானங்களே காரணம்.

மனுவில் ‘அழகு கெடும்’ என்று மட்டும் எழுதாதீர்கள். நிழல் வரைபடம் கேளுங்கள். சூரியன் 45 பாகை உயரத்தில் இருக்கும்போது 70 மீட்டர் கட்டடத்தின் நிழல் 70 மீட்டர்; 30 பாகையில் 121 மீட்டர். ஆண்டின் மிகக் குறுகிய பகல் நாளுக்கு மணிக்கொரு படம் வேண்டும். வரைபடம் தருபவர்கள் பெரும்பாலும் நிழல் குட்டையாக விழும் நாளைத்தான் காட்டுவார்கள்.