ஆணுக்கும் வரும் மார்பகப் புற்றுநோய்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எனக்கு 61 வயது. இடது மார்புக் காம்புக்கு அடியில் கெட்டியாக ஒரு கட்டி. வலி இல்லாததால் ஆறு மாதமாக அப்படியே விட்டுவிட்டேன். மருத்துவரிடம் காட்ட வேண்டுமா?

பதில்: இந்த வாரமே காட்டுங்கள். வலி இல்லை என்று நிம்மதி அடையாதீர்கள்; மார்பகப் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் வலிக்காது. மார்பகப் புற்றுநோயாளிகளில் ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்தான். அதனாலேயே ஆண்கள் இதைச் சந்தேகிப்பதில்லை. சந்தேகித்தாலும் சட்டையைக் கழற்றிக் காட்டக் கூச்சம். காம்பு உள்ளிழுத்திருக்கிறதா, நீரோ ரத்தமோ கசிகிறதா, அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். பாடகி பியான்சேயின் தந்தை மேத்யூ நோல்ஸ், சட்டையில் ரத்தப் புள்ளிகளைக் கண்டுதான் பரிசோதனைக்குப் போனார். தொடக்க நிலையிலேயே பிடிபட்டது. 2019இல் அதை வெளிப்படையாகச் சொன்னார். பொது அறுவை சிகிச்சை மருத்துவரிடம் செல்லுங்கள். மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே ஆண்களுக்கும் எடுக்கலாம். ஆனால், ஊசியால் சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சிதான் உறுதியாகச் சொல்லும். ‘ஊசி பட்டால் பரவிவிடும்’ என்று யாராவது பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: 14 வயது மகனுக்கு இரு மார்பும் சற்றுப் பெருத்திருக்கின்றன. புற்றுநோயாக இருக்குமோ?

பதில்: இந்த வயதில் ஹார்மோன் மாற்றத்தால் பல பையன்களுக்கு இப்படி ஆகும், பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தானே வடிந்துவிடும். ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வீட்டில் யாரும் கேலி செய்யாதீர்கள்.

கேள்வி: அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். பிஆர்சிஏ2 மரபணுக் கோளாறு என்கிறார்கள். ஆண்பிள்ளை எனக்கு இதில் என்ன கவலை?

பதில்: கவலை உண்டு. அதே கோளாறு உங்களிடமும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தாய் வழியாகவும் வரலாம், தந்தை வழியாகவும் வரலாம். இருந்தால், வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் ஏழு. ப்ராஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்கு அடியில் உள்ள சுரப்பி) புற்றுநோய் அபாயமும் கூடும். மரபணு ஆலோசனை பெற்று ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உங்கள் மகள்களுக்கும் அந்தத் தகவல் தேவைப்படும்.

கேள்வி: அறுவை சிகிச்சைக்குப் பின் அப்பாவுக்கு டமாக்சிஃபென் கொடுத்திருக்கிறார்கள். மருந்துக் கடைக்காரர், ‘இது பெண்களுக்கானது’ என்கிறார்.

பதில்: கடைக்காரர் சொல்வது தவறு. ஆண்களுக்கு வரும் மார்பகக் கட்டிகளில் பத்தில் ஒன்பது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனின் தூண்டுதலால் வளர்பவை. அதைத் தடுக்கவே இந்த மாத்திரை. வழக்கமாக ஐந்து ஆண்டுகளாவது சாப்பிட வேண்டும். உடல் திடீரெனச் சூடாகி வியர்க்கலாம், தாம்பத்திய நாட்டம் குறையலாம். பல ஆண்கள் இதை வெளியே சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள்; அப்பாவிடம் பேசி, மருத்துவரிடம் சொல்ல வையுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ மூச்சுத் திணறினாலோ, ரத்தம் உறைந்திருக்கலாம். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.