டி-செல் என்ற வெள்ளையணுக்களைத் தாக்கும் எச்.டி.எல்.வி-1 வைரஸ், ஜப்பானில் ரத்த தானம் செய்பவர்களிடம் எவ்வளவு பரவலாக இருக்கிறது? அதோடு தொடர்புள்ள ரத்தப் புற்றுநோய் வந்தவர்களிடம் எவ்வளவு?

தானத்தில் தெரியவரும் எண்ணிக்கையை அப்படியே நாட்டுக் கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜப்பானில் 1986 முதல் தான ரத்தத்தை இந்த வைரஸுக்காகப் பரிசோதிக்கிறார்கள். ஒருமுறை இருப்பது தெரிந்துவிட்டால் அவர் மறுபடி கொடுக்க முடியாது. அதனால் அடிக்கடி கொடுப்பவர்களிடம் அது அநேகமாக இருக்காது. முதல் தடவை வருபவர்களைத்தான் பார்க்க வேண்டும். அவர்களிலும் இளையவர்களே அதிகம். வைரஸோ வயதானவர்களிடம் அதிகம், அதிலும் பெண்களிடம். இதையெல்லாம் சரிசெய்து, 2006-07 தான விவரங்களை வைத்து நாடு முழுக்கச் சுமார் 10 லட்சம் பேர் என்று மதிப்பிட்டார்கள். தென்மேற்கே உள்ள கியூஷு, ஒகினாவா தீவுகள் பக்கம்தான் ரொம்ப அடர்த்தி.

நோயாளிகள் கணக்கு வேறு மாதிரி. வயதுவந்தோருக்கு வரும் டி-செல் ரத்தப் புற்றுநோயில் அநேகமாக எல்லாரிடமும் இந்த வைரஸ் இருக்கும், காரணமே அதுதான். ஆனால் வைரஸ் உள்ளவர்களில் அந்தப் புற்றுநோய் வருவது வாழ்நாளில் சுமார் 5 சதவீதம் பேருக்குத்தான், அதுவும் பல பத்தாண்டுகள் கழித்து. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பயப்படுபவர்கள் நிறைய.

அப்புறம் ஒன்று: இது ரத்தத்தின் வெள்ளையணுக்களுக்குள் ஒளிந்திருக்கும் வைரஸ். வைரஸ் உள்ளவர் கொடுத்த சிவப்பணு, தட்டணுவை ஏற்றினால், அவற்றோடு கலந்திருக்கும் வெள்ளையணுக்கள் வழியாகத் தொற்றலாம். உறையவைத்த பிளாஸ்மாவால் (ரத்தத்தின் திரவப் பகுதி) தொற்றியதாகத் தெரியவில்லை. குழந்தைகளுக்கு முக்கிய வழி தாய்ப்பால்.