‘யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று கேட்டுக்கொண்டவர்

கேள்வி: தனியார் மனநல மருத்துவமனை ஒன்றில் மருத்துவ உளவியலாளராகப் பணியாற்றுகிறேன். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மூத்த உளவியலாளரிடம் முன்பு சிகிச்சை பெற்ற 26 வயதுப் பெண் இப்போது என்னிடம் வருகிறார். அந்த மூத்தவர் தன்னிடம் கைமாற்றாகப் பணம் வாங்கியதையும், இன்றும் இரவு நேரங்களில் அழைத்துப் பேசுவதையும் சென்ற வாரம் அழுதபடி சொன்னார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். மூத்தவரிடம் நேரிலேயே கேட்டுவிடலாமா? புகார் கொடுத்தால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேனா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: நன்றியைப் பற்றிய கவலையை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். அவர் உங்களுக்குக் கற்றுக்கொடுத்தார் என்பதற்கும் அந்தப் பெண்ணிடம் கடன் வாங்கினார் என்பதற்கும் தொடர்பில்லை.

சக ஊழியர் ஒருவர் குறிப்பேட்டை மேசையில் திறந்தபடி விட்டுச் சென்றார் என்பது போன்ற கவனக்குறைவென்றால், முதலில் அவரிடம் தனியாகப் பேசுங்கள் என்றே சொல்லியிருப்பேன். இது அப்படிப்பட்டதன்று. நீங்கள் வாய் திறந்த மறுகணமே தகவல் யாரிடமிருந்து வந்தது என்பது அவருக்குப் புரிந்துவிடும்; அன்றிரவே அந்தப் பெண்ணுக்கு அழைப்பு போகும். ஆகவே நேரில் கேட்க வேண்டாம்.

உங்களுக்குக் கிடைத்த தகவல் சிகிச்சை அறையில் கிடைத்தது என்பதால், அதை வெளியே எடுத்துச்செல்லும் உரிமை முதலில் அந்தப் பெண்ணுடையது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 23-ஆம் பிரிவு இந்த இரகசியத்தைக் காக்கிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு போன்ற சில நிலைகளில் மட்டும், தேவையான அளவுக்கு விலக்குத் தருகிறது. அவர் 18 வயது நிறையாதவராக இருந்து, நடந்தது பாலியல் குற்றமாகவும் இருந்திருந்தால், போக்சோ சட்டப்படி நீங்கள் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இங்கே அந்த நிலை இல்லை.

எனவே அடுத்த சந்திப்பில், நடந்தது அவருடைய தவறல்ல என்பதையும், சிகிச்சை தருபவர் சிகிச்சைக்கு வந்தவரிடம் பணம் வாங்குவது தொழில்நெறிக்கு மாறானது என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். பலர் அதை ‘சார் கஷ்டத்தில் இருந்தார், உதவினேன்’ என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி அவரோ அவர் நியமித்த பிரதிநிதியோ முதலில் மருத்துவமனைப் பொறுப்பாளரிடமும், அங்கே நிறைவான பதில் வராவிட்டால் மனநல மறுஆய்வு வாரியத்திடமும், அதற்கும் மேல் மாநில மனநல ஆணையத்திடமும் முறையிடலாம். மூத்தவர், மருத்துவ உளவியலாளர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவரென்றால் அங்கும் புகார் அனுப்பலாம். அவர் உளவியலாளராக இல்லாமல் மனநல மருத்துவராக இருந்திருந்தால் தமிழ்நாடு மருத்துவ மன்றத்தை அணுக வேண்டியிருந்திருக்கும். அந்தப் பெண் சம்மதித்தால் புகார் எழுத உதவுங்கள். நீங்களும் கையெழுத்திட்டுத் தனியாக ஒரு கடிதம் கொடுங்கள். மொட்டைக் கடிதம் வேண்டாம், அது விசாரணைக்கு முன்பே குப்பைக்குப் போய்விடக்கூடும்.

அவர் மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். ஏற்கெனவே ஒருவர் அவரைத் தம் விருப்பத்துக்கு வளைத்திருக்கிறார். அவர் சொன்னதை அவர் சொற்களிலேயே, தேதியுடன், உங்கள் ஊகம் எதையும் கலக்காமல் சிகிச்சைக் குறிப்பில் பதிந்துவையுங்கள். உங்கள் மருத்துவமனையோடு தொடர்பில்லாத அனுபவசாலி ஒருவரிடம் பெயரோ அடையாளமோ சொல்லாமல் ஆலோசனை கேளுங்கள். ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் ஜாடையாகக்கூட எதையும் எழுதிவிடாதீர்கள். அந்தக் குழுவில் மூத்தவரும் இருப்பார் அல்லவா?