ஃபைப்ராய்டு மரபணுவைப் படித்தால் வேலை கிடைக்குமா?

அம்மா, உங்கள் கவலை நியாயமானதுதான். பி.எஸ்சி. விலங்கியல் முடிக்கும் மகள், ஃபைப்ராய்டு என்ற கர்ப்பப்பைக் கட்டியில் குரோமோசோம் எப்படி மாறுகிறது என்று படிக்கப் போகிறேன் என்கிறாள். புற்றுநோய்கூட இல்லாத ஒரு கட்டியைப் படித்து என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவள் பிடித்திருப்பது நல்ல துறை. ஃபைப்ராய்டுகளில் ஏறத்தாழ 40 சதவீதத்தில் குரோமோசோம் கோளாறு மைக்ராஸ்கோப்பிலேயே தெரியும். சிலவற்றில் 12ஆம், 14ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்கின்றன. கருவில் வேலை செய்துவிட்டுப் பிறகு அடங்கிக் கிடக்க வேண்டிய எச்எம்ஜிஏ2 மரபணு, அதனால் மறுபடி விழித்துக்கொள்கிறது. சுமார் 70 சதவீதக் கட்டிகளில் மெட்12 மரபணு பிறழ்ந்திருப்பதை ஹெல்சின்கி ஆய்வாளர்கள் 2011இல்தான் கண்டுபிடித்தார்கள். எத்தனையோ பெண்கள் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டு நிற்கக் காரணமான கட்டி இது; இதில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

ஆனால் ஃபைப்ராய்டை மட்டும் பார்க்கும் வேலை என்று ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடையாது. குரோமோசோம்களைப் பரிசோதிக்கும் சைட்டோஜெனிடிக்ஸ் லேபுக்குத் தினமும் வருவது ரத்தப் புற்றுநோயாளியின் எலும்பு மஜ்ஜை, அடிக்கடி கரு கலையும் தம்பதியின் ரத்தம், பனிக்குட நீர் இவைதான். கைத்தொழில் எல்லாவற்றுக்கும் ஒன்றே. செல்லை வளர்த்து, கோல்செமிட் என்ற மருந்து போட்டுப் பிரியும் நிலையில் நிறுத்தி, ஸ்லைடில் சொட்டவிட்டு, ஜீம்சா சாயம் ஏற்றி, 46 குரோமோசோம்களையும் பட்டை பார்த்து ஜோடி சேர்க்க வேண்டும்; இப்படி அடுக்கிய படத்துக்குத்தான் கேரியோடைப் என்று பெயர். கட்டித் திசு என்றால் முதலில் கொலாஜினேஸ் நொதியில் ஊறவைத்துச் செல்களைப் பிரிக்கணும், அப்புறம் நாள்கணக்கில் வளர்க்கணும். பொறுமை உள்ள பிள்ளைக்கு இது நன்றாக வரும்.

மேற்படிப்புக்கு போரூர் ஸ்ரீராமச்சந்திரா, கோவை பாரதியார் பல்கலைக்கழகம் இரண்டிலும் மனித மரபியல் துறை இருக்கிறது. தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மரபியல் துறையையும் பாருங்கள். சேரும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: மாணவர்கள் தாங்களே செல் வளர்த்து கேரியோடைப் செய்கிறார்களா, இல்லை பார்க்க மட்டும் விடுகிறார்களா? பார்க்க மட்டும்தான் என்றால் வேறு இடம் தேடுங்கள்.

ஆராய்ச்சிதான் அவள் ஆசை என்றால் பி.எச்டி. இல்லாமல் முடியாது, எம்.எஸ்சி. படிக்கும்போதே, ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகையைப் பெற்றுத் தரக்கூடிய நெட் தகுதித் தேர்வுக்குத் தயாராகட்டும். ஆட்களோடு பேசப் பிடித்தவள் என்றால் மரபணு ஆலோசகர் வேலையும் உண்டு. எஃப்எச் மரபணுப் பிறழ்வு உள்ள குடும்பங்களில் ஃபைப்ராய்டோடு சிறுநீரகப் புற்றுநோய் அபாயமும் சேர்ந்து வரும். அந்த வீட்டில் யார் யாருக்குப் பரிசோதனை தேவை என்று உட்கார்ந்து விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும்.