கணினி கேள்வி – பதில்: தட்டச்சில் வேகமும் பிழையின்மையும்

கேள்வி: நான் தனியார் நிறுவனமொன்றில் கணக்குப் பிரிவில் பணியாற்றுகிறேன். முறையாகத் தட்டச்சுப் பயின்றதில்லை. இரண்டு மூன்று விரல்களால் விசைகளைப் பார்த்துப் பார்த்தே அடித்துப் பழகிவிட்டேன். மங்கிடைப் இணையதளத்தில் சோதித்தால் நிமிடத்துக்கு 40 சொற்கள் வருகின்றன. ஆனால் அலுவலகக் கடிதம் அடிக்கும்போது பாதி வேகம்கூட வருவதில்லை. நாற்பது வயதுக்கு மேல் பத்து விரல் முறையைக் கற்க இயலுமா? வேகத்தைக் கூட்ட என்ன வழி? – வாசகி, விருதுநகர்

பதில்: முதலில் அந்த 40 என்ற எண்ணைப் பார்ப்போம். தட்டச்சுக் கணக்கில் ஒரு சொல் என்பது, இடைவெளியையும் சேர்த்து, ஐந்து தட்டுகள். நீங்கள் குறிப்பிடும் தளம், அமைப்பை மாற்றாதவரை, ஆங்கிலத்தில் மிகுதியாகப் பயன்படும் 200 சொற்களையே மாற்றி மாற்றித் தருகிறது. அவற்றில் பெரிய எழுத்து இல்லை, நிறுத்தக்குறி இல்லை, எண்ணும் இல்லை. உங்கள் அலுவலகக் கடிதத்திலோ தேதி, தொகை, பெயர், அடைப்புக்குறி என எல்லாம் வருகின்றன. ஆகவே இரண்டு எண்களுக்கும் இடைவெளி இருப்பது இயல்பே. அதே தளத்தில் நிறுத்தக்குறிகளையும் எண்களையும் சேர்த்துக்கொள்ளும் வசதி உண்டு; அதை இயக்கிய பிறகு வரும் எண்ணையே உங்கள் வேகமாகக் கொள்ளுங்கள்.

வேகம் குறைவதற்குப் பெரும்பாலும் விரல்களின் மெத்தனத்தைவிடப் பிழைகளே காரணம். ஓர் எழுத்தைத் தவறாக அடித்தால் அந்தத் தவறான தட்டு, அதை அழிக்கும் பேக்ஸ்பேஸ், சரியான தட்டு என மூன்று தட்டுகள் செலவாகின்றன. நிமிடத்துக்கு 200 தட்டுகள் அடிப்பவர் அவற்றில் பத்தைத் தவறாக அடித்து உடனுக்குடன் திருத்தினால், 20 தட்டுகள் வீணாகி 180 தட்டுகளே மிஞ்சும். 40 சொல் வேகம் 36 ஆகிவிடும். அதுவும் தவறை அந்த நொடியிலேயே கண்டுகொண்டால்தான். விசைப்பலகையைப் பார்த்து அடிப்பவரோ வரியின் முடிவில்தான் திரையை நிமிர்ந்து பார்க்கிறார். அப்போது ஆறேழு எழுத்துகளை அழித்துக்கொண்டு பின்னால் வரவேண்டியிருக்கிறது. பார்த்து அடிப்பதன் உண்மையான நட்டம் இதுதான்.

வயது இதற்குத் தடையே அல்ல. பார்க்காமல் பத்து விரல்களாலும் அடிக்கும் முறை பலரது கவனத்துக்கு வந்தது 1888-இல், அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் நடந்த ஒரு போட்டியில். ரெமிங்டன் இயந்திரத்தின் விசை வரிசையை மனத்தில் இருத்திக்கொண்டு அடித்த ஃபிராங்க் மெக்கரின், விசைகளைப் பார்த்து அடித்த லூயி டிராபை எளிதாக வென்றார். மெக்கரினிடம் இருந்தது தனித்திறமை என்பதைவிட ஒழுங்கு என்றே சொல்வேன்: இன்ன விசைக்கு இன்ன விரல் என்பதை அவர் மாற்றவில்லை.

நம் ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகளில் முதல் நாளே ‘ஏ எஸ் டி எஃப்’ என்று தொடங்கி நடுவரிசையைத் திரும்பத் திரும்ப அடிக்க வைப்பதும் அந்த ஒழுங்குக்காகவே. எஃப், ஜே விசைகளின் மேல் சிறு மேடு இருக்கும். இரண்டு ஆள்காட்டி விரல்களும் அவற்றைத் தொட்டால் மற்ற விரல்கள் தத்தம் இடத்தில் தாமே அமர்ந்துவிடும். ஒவ்வொரு தட்டுக்குப் பிறகும் விரல் அங்கே திரும்பவேண்டும். பெரிய எழுத்துக்கு, எழுத்தை அடிக்காத கையால் ஷிஃப்ட்டை அழுத்துங்கள். கைகளின் மேல் ஒரு மெல்லிய துணியைப் போட்டுக்கொண்டு பழகினால், கண் கீழே போனாலும் பயனில்லை என்று மனம் அடங்கிவிடும்.

முறை மாறும் முதல் சில வாரங்களில் உங்கள் வேகம் இப்போதுள்ளதைவிடக் குறையும். இந்தக் கட்டத்தில்தான் பலர் பழைய வழிக்கே திரும்பிவிடுகிறார்கள். ஆகவே மார்ச் மாதக் கணக்கு முடிப்பு போன்ற நெருக்கடியான நாட்களில் தொடங்காதீர்கள். தொடங்கிய பின் வீட்டில் ஒரு முறை, அலுவலகத்தில் ஒரு முறை என்று இரண்டையும் கலக்காதீர்கள். ஞாயிறன்று இரண்டு மணி நேரம் அடிப்பதைவிட நாள்தோறும் காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம் அடிப்பது கூடுதல் பலன் தரும்.

பயிற்சியின்போது கடிகாரத்தைப் பார்க்காமல் பிழையை மட்டும் பாருங்கள். நூறு தட்டுகளில் இரண்டுக்கு மேல் தவறினால் வேகத்தைக் குறையுங்கள். தவறுகளை ஒரு தாளில் குறித்துவந்தால் அவை சில வகைகளுக்குள் அடங்குவது தெரியும். இடக்கை நடுவிரலின் டி-க்குப் பதில் வலக்கை நடுவிரலின் கே விழுந்தால், விரல் சரி, கை மாறிவிட்டது என்று பொருள்.  இரண்டு எழுத்துகள் முன்பின்னாக மாறி விழுந்தால், ஒரு கை மற்றொன்றை முந்துகிறது என்று பொருள். அதற்கு முழுச் சொல்லையும் திரும்ப அடிப்பதில் பயனில்லை. அந்த இரண்டு எழுத்துகளை மட்டும் சீரான தாளத்தில், மெதுவாக, பலமுறை அடியுங்கள். பக்கத்து விசை விழுந்தால், கை நடுவரிசையை விட்டு நகர்ந்திருக்கிறது. எல்லாப் பிழைக்கும் ஒரே மருந்து கொடுக்கும் செயலிகள்மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. உங்கள் தாள்தான் நல்ல ஆசிரியர்.

ஓர் அளவுகோல் வேண்டுமென்றால், அரசுத் தட்டச்சுத் தேர்வில் ஆங்கில ‘லோயர்’ நிலைக்கு நிமிடத்துக்கு 30 சொற்கள், ‘ஹையர்’ 45 சொற்கள். லோயர் வேகத்தில் பத்து நிமிடம் அடித்தால் 1,500 தட்டுகள். அதைப் பிழை குறைவாக அடிக்க முடிந்தால் உங்கள் அலுவலகப் பணிக்குப் போதும்.

கேள்வி: இயந்திரத்தில் ஹையர் தேறியவன் நான். மடிக்கணினியில் அடித்தால் மணிக்கட்டு வலிக்கிறது. ஏன்? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: தட்டச்சு இயந்திரத்தில் எழுத்துக்கோலை நாடாவின்மேல் மோதவைக்க விரலால் ஓங்கி அடிக்கவேண்டும். மடிக்கணினியின் விசையோ ஏறத்தாழ ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இறங்கும். இயந்திரத்துக்குப் பழகிய வலிமையோடு அடித்தால் அந்த மோதல் முழுவதும் விரலுக்கும் மணிக்கட்டுக்கும் திரும்புகிறது. மெல்லத் தொட்டாலே போதும் என்பதை விரல்களுக்குப் பழக்குங்கள். முழங்கை விசைப்பலகையின் மட்டத்தில் இருக்கும்படி நாற்காலியை உயர்த்துங்கள். அடிக்கும்போது மணிக்கட்டை மேசை விளிம்பில் ஊன்றாதீர்கள். நெடுநேரம் அடிப்பவராயின் தனி விசைப்பலகை ஒன்று வாங்குவது நல்லது. வலி தொடர்ந்தாலோ விரல் மரத்துப்போனாலோ மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: தமிழில் வேகமாக அடிக்க எந்த விசைப்பலகை ஏற்றது? ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடிக்கும் முறை போதாதா? – வாசகி, காரைக்குடி

பதில்: எப்போதாவது நாலு வரி எழுதுபவருக்குப் போதும். நாள்தோறும் பக்கக்கணக்கில் எழுதுபவருக்கு 1999-இல் வகுக்கப்பட்ட தமிழ்99 முறையையே பரிந்துரைப்பேன். அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்வரிசை பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் இருப்பதால், உயிர்மெய் எழுதும்போது இரண்டு கைகளும் மாறி மாறி இயங்குகின்றன. ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். ‘அம்மா’ என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கே தட்டுகள். ங-வை அடுத்துக் க வந்தாலும் அப்படியே என்பதால் ‘தங்கம்’ ஐந்து தட்டுகளில் முடிகிறது. ஒலிபெயர்ப்பில் ஏழெட்டு ஆகும். ‘மமதை’ போல் புள்ளி வேண்டாத இடத்தில், முதல் ம-வுக்குப் பின் அ-வைத் தட்டினால் புள்ளி விழாது.

ஆனால் பழைய தட்டச்சு வரிசையில் ஏற்கெனவே கை தேர்ந்தவர்கள் அதை விடவேண்டியதில்லை. அங்கே ‘கொ’ எழுத ஒற்றைக்கொம்பு, க, கால் என்று மூன்று தட்டுகள் ஆகும், தமிழ்99-இல் இரண்டுதான் என்றாலும், பல்லாண்டுப் பழக்கத்தின் வேகம் அந்த ஒரு தட்டை ஈடுகட்டிவிடும். அரசுத் தமிழ்த் தட்டச்சுத் தேர்வுக்குப் படிப்பவர், இன்ஸ்டிட்யூட்டில் சொல்லித்தரும் வரிசையையே பின்பற்றட்டும்.

கேள்வி: ஆங்கிலத்துக்கு டிவோராக் விசைப்பலகைக்கு மாறினால் வேகம் கூடுமா? – வாசகர், ஓசூர்

பதில்: டிவோராக் என்பது ஆங்கில எழுத்துகளை வழக்கமான வரிசையிலிருந்து மாற்றி அடுக்கிய விசைப்பலகை. 1936-இல் காப்புரிமை பெற்ற அந்த வரிசையில் விரல்கள் நகரும் தொலைவு குறைவு என்பது உண்மை. ஆனால் நீங்கள் உட்காரும் ஒவ்வொரு கணினியிலும் அமைப்பை மாற்றவேண்டியிருக்கும். அலுவலகக் கணினியில் அதற்கு அனுமதி கிடைக்குமா என்பதும் ஐயமே. கணினி எப்போதும் உங்களுடையதாகவே இருந்தால் முயன்று பாருங்கள். இல்லையேல் அந்த மாதங்களை இப்போதுள்ள வரிசையில் பிழை குறைக்கச் செலவிடுங்கள்.