காய்ச்சல் கண்ட பிள்ளையை எப்போது அங்கன்வாடிக்கு அனுப்பக் கூடாது?
ஒரு பிள்ளையின் நோய் அடுத்த பிள்ளைக்குப் பரவக்கூடிய நாள்களைத் தொற்றுக் காலம் என்கிறோம். அந்த நாள்களில் பிள்ளை வீட்டில்தான் இருக்க வேண்டும்.

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கடலில் பாசி எடுக்கவும் மீன் விற்கவும் கிளம்பும் தாய்க்கு இது எளிதல்ல. பாராசிட்டமால் கொடுத்து, நெற்றி குளிர்ந்ததும் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். மருந்து சூட்டைத் தணிக்குமே தவிர, கிருமியைக் கொல்லாது; அது நீறு பூத்த நெருப்பு. மதியச் சாப்பாட்டு வேளைக்கு உடம்பு மறுபடி கொதிக்கும். அதற்குள் அதே டம்ளரில் நாலு பிள்ளைகள் தண்ணீர் குடித்திருப்பார்கள்.

100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் காய்ச்சல். மருந்தே கொடுக்காமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்தால் அனுப்பலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால், நின்ற பிறகும் இரண்டு நாள் பொறுப்பது நல்லது. வெறும் மூக்கொழுகல்தான், விளையாட்டும் குறையவில்லை என்றால் தாராளமாக அனுப்புங்கள். மூச்சுத் திணறினாலோ தண்ணீர்கூட இறங்காவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அம்மை கண்ட பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டால் பிறகு ஒட்டாது என்று பலர் நினைக்கிறார்கள். எத்தனை தண்ணீர் ஊற்றினாலும், கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை சின்னம்மை பரவும்.